எண் போடாத மனு

அந்த மனுவை வாங்கி, எண் போட்டு, அப்புறம் மறுத்திருக்கலாம். நான் வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். 2024 ஏப்ரலில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் பிறப்பு இறப்புப் பிரிவைப் பார்க்கிற எழுத்தர் நான். கையெழுத்து பதிவாளருடையது, பதிவேட்டைப் புரட்டுவது என்னுடையது. திருத்தம் என்று வருகிறவை பெரும்பாலும் எழுத்துப் பிழைகள்தான். முனிரத்னம்மா என்கிற தாயின் பெயர் முனிரத்னம் என்று ஏறியிருக்கும். பிள்ளைக்கு இரண்டு அப்பா. 2004 பிப்ரவரிக்கு முன் பிறந்தவர்கள் 'தர்மபுரி மாவட்டம்னு இருக்கு, கிருஷ்ணகிரின்னு மாத்திக் கொடுங்க' என்பார்கள். அப்போது மாவட்டமே பிரியவில்லை, அது பிழை இல்லை என்று விளக்கி அனுப்புவேன்.

அன்று வந்தவர் கேட்டது வருஷத்தை. மகளின் பிறந்த தேதி நவம்பர் 2006 என்றிருந்தது, 2005 ஆக வேண்டும்.

"ஆஸ்பத்திரியில தப்பா எழுதிட்டாங்க சார். ஒரே ஒரு நம்பர்தான்."

இந்த மாதிரித் திருத்தத்துக்கு, விவரம் தெரிந்த நம்பகமான இரண்டு பேர் உறுதிமொழி தர வேண்டும் என்பது விதி. அதையும் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

2006 பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பெண்ணின் வரிக்கு மேலே ஓர் ஆண் குழந்தை, கீழே இரட்டைப் பிள்ளைகள், எல்லாம் அதே வாரத்துப் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளிலும் அதே தேதி. முந்தைய வருஷத்துக் குழந்தை இந்த வரிசைக்கு நடுவில் வந்து உட்கார வழியே இல்லை. பதிவேட்டைத் திருப்பி அவரிடமே காட்டினேன். "இதுல தப்பு இல்லைங்க. மாத்த முடியாது." அவர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதுவரை வாசலோரம் நின்றிருந்த பெண் உள்ளே வந்தாள். பள்ளிச் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்திருந்தாள்.

"சார், அப்ப எனக்கு இன்னும் பதினெட்டு ஆகலையா?"

"இல்லம்மா. நவம்பர்லதான் ஆகும். இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"சரிங்க சார்."

அவ்வளவுதான். மூன்று வரி. இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன பெண்ணுக்குத் தன் வயது தெரியாதா? தெரிந்தேதான் கேட்டாள் என்றால், அந்தக் கேள்வி எனக்கானதில்லை. அப்பா காதில் என் வாயால் விழ வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் பதினெட்டுக்கு முன்னால் தாலி கட்டுவது கேள்விப்படாத விஷயம் இல்லை. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடுகிற 1098 என்ற உதவி எண் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. நான் திரும்பக்கூட இல்லை.

ஆனால் அந்த 'சரிங்க சார்' சோர்ந்த குரலில் வந்த மாதிரியும் நினைவு. ஓசூர்ப் பக்கத்து கம்பெனிகளில் பதினெட்டு முடிந்தால்தான் வேலை. ப்ளஸ் டூ முடித்ததும் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனையோ. ஒருவேளை அவளே போக ஆசைப்பட்டு அப்பாவை இழுத்து வந்திருக்கலாம். அப்படியென்றால் நான் போன் செய்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? குரலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. நாளுக்கு ஒரு மாதிரி கேட்கிறது.

எதுக்குங்க மாத்தணும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பது என் வழக்கம் இல்லை. பிழை என்றால் எந்தக் காரியத்துக்குக் கேட்டாலும் பிழை, இல்லையென்றால் இல்லை. அதோடு, கவுண்டரில் இருப்பவன் 'எதுக்கு' என்று கேட்டால் காசுக்கு அடி போடுகிறான் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். கேட்காமல் இருப்பதையே ஒரு நேர்மையாக வைத்திருந்தேன்.

அந்த நேர்மையிலும் ஓட்டை உண்டு. என் பணிப்பதிவேட்டில் நான் பிறந்தது ஜூன் 1. அம்மாவைக் கேட்டால் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் என்பாள். முதல் வகுப்பில் சேர்த்த வாத்தியார் வயது கணக்குக்கு வருகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுவிட்டார். வீட்டில் பிறந்தவன், பதிவும் கிடையாது. மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிற கூட்டத்தில் நானும் ஒருவனாக இருப்பேன். அந்தத் தேதியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, இன்னொருத்தர் ஒரு நம்பரை மாற்றச் சொன்னால் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுகிறேன்.

சரி, மாற்றியிருக்கத்தான் கூடாது. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, உண்மையிலேயே பிழை என்றாலும் பழைய பதிவை அடிக்கக் கூடாது. திருத்தத்தை ஓரத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். தப்பும் இருக்கும், திருத்தியதும் இருக்கும். என் மறுப்புக்கு மட்டும் எங்கேயும் தடயம் இல்லை. மனுவை வாங்கி எழுத்தில் மறுத்திருந்தால், ஒரு பெண்ணின் வயதைக் கூட்ட முயற்சி நடந்தது என்பதாவது கோப்பில் கிடந்திருக்கும். வாசலில் கூட்டம் இருந்தது, அது சாப்பாட்டு நேரம். இதெல்லாம் காரணமா என்று தெரியவில்லை. அப்போது காரணமாகத்தான் இருந்தது.

கூட வேலை பார்க்கிற அக்காவிடம் சொன்னேன். "நீ என்ன போலீஸா? இல்லைன்னு சொன்னியே, அதுவே பெருசு" என்றார்.

அதற்கப்புறம் வருஷத்தைத் திருத்தச் சொல்லி வருகிற எல்லோரிடமும் எதுக்குங்க என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் கையை விட்டார்.