காரும் அதன் புத்தகமும்

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில், பழைய பிளாஸ்டிக் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றுக்குள் பாகம் பாகமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்த 1938ஆம் ஆண்டின் டல்போ-லாகோ கார் ஒன்று களவுபோனது. அதன் உரிமையாளர் 1967இல் அதை வாங்கி, தன் கையாலேயே திருத்தி எடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக அதனோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தவர். களவெடுக்க வந்தவர்கள் பாரவூர்தி கொண்டுவந்து எஞ்சினையும் உடற்பாகங்களையும் ஏற்றியதோடு நிற்கவில்லை. அந்தக் காருக்குரிய பழைய ஆவணங்களையும் எடுத்துக்கொண்டே போனார்கள். இந்தக் களவைப் பற்றி வாசித்தபோது என் மனத்தில் தைத்தது அந்தக் கடைசி விபரம்தான். ஏனென்றால் திருகோணமலையில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது அதற்கு நேர்மாறானது: கார் போய்விட்டது, ஆவணம் எங்களிடம் மிஞ்சியது.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1930களின் நடுப்பகுதியில், பாரிஸ் நகரை அடுத்த சுரேனில் இயங்கிய டல்போ தொழிற்சாலையை அந்தோனி லாகோ என்ற இத்தாலியர் பொறுப்பேற்றார். அங்கு உருவான டீ150சி-எஸ்எஸ் என்ற வகைக்கு நான்கு லீற்றர் கொள்ளளவுள்ள, ஆறு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் மேல் பிகோனி எ பலாஸ்கி என்ற பட்டறை நீர்த்துளி வடிவத்தில் உடலைக் கட்டிக் கொடுத்தது. சில்லுகளை மூடிய மட்கார்டுகளும் பின்னோக்கிச் சரிந்து ஒடுங்கும் கூரையுமாக, இன்றைக்கும் அதற்கு நிகரான அழகு கொண்ட காரை நான் படத்திலும் கண்டதில்லை. அழகு மட்டுமன்றி ஓட்டமும் இருந்தது: 1938ஆம் ஆண்டு லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்த வகைக் கார் ஒன்று மூன்றாம் இடத்தைப் பிடித்தது. நீர்த்துளி வடிவில் கட்டப்பட்டவை இருபதுக்கும் குறைவு. அப்படியான ஒன்றைக் களவெடுத்தவன் அதைச் சந்தையில் பகிரங்கமாக விற்க வேண்டுமானால், அதற்கு நம்பத்தக்க கதையும் கடதாசியும் வேண்டும். ஆவணங்கள் ஏன் சேர்ந்து போயின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உரிமையாளர் தன் காரை மறுபடி காணாமலே 2005இல் இறந்தார். 2015இல் வேறொருவர் அதே காரை ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கினார். 2016இல் இலினோய் மாநிலத்தில் அதைத் தன் பெயரில் பதிய முற்பட்டபோதுதான், அதன் இலக்கம் திருட்டு வாகனங்களின் பட்டியலில் இருப்பது தெரியவந்தது. இறந்தவரின் வாரிசுத் தரப்பினர் காரைத் திருப்பிக் கேட்டார்கள், வாங்கியவர் மறுத்தார், வழக்கு விஸ்கொன்சின் உயர் நீதிமன்றம் வரை போனது. களவு நடந்து ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டதால் வழக்கே செல்லாது என்பது வாங்கியவர் தரப்பின் வாதம். 2020இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. களவெடுத்தவன் செய்த குற்றம் வேறு, பின்னர் அந்தக் காரைக் கைவசம் வைத்துக்கொண்டு கேட்டபோது கொடுக்க மறுத்தது வேறு என்றும், இரண்டாவதற்கான காலக்கணக்கு மறுத்த நாளிலிருந்தே தொடங்குகிறது என்றும் சொல்லி, வழக்கைத் தொடர இடமளித்தது. கார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு முடித்துவைக்கவில்லை. ஆயினும் காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் சொந்தக்காரன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அறியாமல் வாங்கியவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. என்றாலும் பணம் கொடுத்த இடம் பிழையாகிப்போனதற்கு அவர் விற்றவனைத்தான் பிடிக்க வேண்டும். நம் நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், சில விதிவிலக்குகள் தவிர, தனக்கில்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்கு விற்க முடியாது என்ற அதே அடிப்படையில்தான் நிற்கிறது.

இதைவிட நீண்ட காலம் கடந்து கிடைத்த காரும் உண்டு. 1968இல் நியூயோர்க்கில் களவுபோன ஒரு ஜாகுவார் ஈ-டைப், 46 ஆண்டுகள் கழித்து, 2014இல், நெதர்லாந்துக்கு அனுப்பப்படவிருந்த வேளையில் லொஸ் ஏஞ்சலஸ் துறைமுகப் பகுதியில் பிடிபட்டது. சுங்கப் பகுதியினர் அதன் இலக்கத்தைத் திருட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததே காரணம். களவு கொடுத்த இளைஞர் எண்பது வயதைக் கடந்த பின்னர் தன் காரைத் திரும்பப் பெற்றார்.

இனி எங்கள் காருக்கு வருகிறேன். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன காலத்தில், டொக்யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்த அம்மப்பா, ஊருக்குத் திரும்பிய ஒருவரிடமிருந்து 1954ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினார். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும் வகை. 1956இல் மைனர் 1000 வந்ததோடு அந்த அமைப்பு நின்றுபோனது. 803 சீசீ எஞ்சின் என்றாலும் கன்னியா ஏற்றத்தையும் நிலாவெளி மணலையும் அது சளைக்காமல் கண்டது என்று மாமா சொல்லுவார். உப்புக்காற்று மைனரின் அடித்தளத்தை, முக்கியமாகப் பின்பக்க ஸ்பிரிங் பிடித்து நிற்கும் தாங்கிகளை அரித்துவிடும். எங்கள் காரிலும் இடது பக்கத் தாங்கி அரித்துப்போக, டொக்யார்ட்டில் கப்பல் வேலை செய்த வெல்டிங் பாஸ் ஒருவர் தேவைக்கு மிஞ்சிய தடிப்பான தகட்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். அந்த ஒட்டு பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்பது அப்போது எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது உவர்மலை வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். பெற்றோல் இல்லாததால் காரை எடுக்க வழியில்லை. மாமா அதன் பதிவுப் புத்தகத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டைகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது கொட்டில் வெறுமையாக இருந்தது. வீடே கூரையில்லாமல் நின்ற நிலையில், களவுபோன காருக்காக முறைப்பாடு எழுதுவதைப் பற்றி அன்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் தெருவில் மட்டும் கார், மோட்டார் சைக்கிள், லொறி என்று இப்படிப் போனவை பல. எதற்கும் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. மில்வாக்கிக் காருக்கும் நம்மவர்களின் வாகனங்களுக்கும் இடையிலுள்ள உண்மையான வித்தியாசம் விலையன்று; அங்கே களவு பதியப்பட்டிருந்தது, இங்கே பதியப்படவில்லை.

சண்டை ஓய்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், வாகனத் தரகர் ஒருவர் மாமாவைத் தேடி வந்தார். கார் வேண்டாம், புத்தகத்தை மட்டும் தாருங்கள், நல்ல விலை தருகிறேன் என்றார். பழைய வாகனங்களில் ஈடுபாடுள்ளவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆவணமில்லாத ஓர் உடலுக்கு ஆவணமுள்ள ஒரு பழைய காரின் பெயரைச் சூட்டிவிட்டால், அதற்குப் புதிய பிறப்புக் கிடைத்துவிடும். மைனரின் பொனட்டைத் திறந்தால் எதிரே தெரியும் தடுப்புத் தகட்டில் இருப்பது சிறிய உலோக இலக்கத் தகடுதான். அதைக் கழற்றி இன்னொன்றைப் பூட்ட அதிக நேரம் ஆகாது. மாமா மறுத்துவிட்டார். “கார் எங்கையாவது இருந்தா, நாளைக்கு எதைக் காட்டிக் கேக்கிறது?” என்று மட்டும் அந்த மனிதரிடம் கேட்டார். அந்தப் புத்தகத்தை விற்றிருந்தால் எங்கள் காரை இரண்டாவது முறையும் நாங்களே களவு கொடுத்திருப்போம் என்றே நான் நினைக்கிறேன்.

எனவே பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான். புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் (காரின் உடலுக்குரிய அடையாள எண்) எஞ்சின் இலக்கமும் காரிலுள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று இன்றே பாருங்கள். அக்கால மைனராக இருந்தால் இலக்கத்தின் முன்னால் வரும் எழுத்துகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எஃப் என்பது மைனரைக் குறிக்கும், அடுத்த எழுத்து உடல் வகையையும் அதற்கடுத்தது நிறத்தையும் சொல்லும். நீல நிறக் குறியீடுள்ள தகட்டோடு, அடிப்பூச்சு வரை பச்சையாக இருக்கும் உடலை ஒருவர் விற்க வந்தால் கேள்வி கேட்க அதுவே போதும். பிரித்தானியாவின் கெய்டனிலுள்ள மோட்டார் அருங்காட்சியகம் இத்தகைய பல கார்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டின்படி சான்றிதழ் வழங்குகிறது. தகட்டைப் போல எளிதில் மாற்ற முடியாதவை பழைய ஒட்டுகளும் திருத்தங்களும். காரைத் தூக்கிவைத்து அவற்றைப் படமெடுத்து வீட்டுக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வைத்திருங்கள். புத்தகம் மட்டும் கேட்டு வருபவருக்கு, கார் உக்கிப்போய்விட்டது என்று நம்பினாலும், கொடுக்காதீர்கள்.

மில்வாக்கித் தீர்ப்பைப் பற்றி மாமாவிடம் விளக்கிச் சொன்ன பிறகு, அவர் சம்மதத்தோடு இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். களவுபோன ஆண்டு 1990 என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தை நீட்டியதும் மறு கேள்வியின்றி இரு இலக்கங்களையும் பார்த்து எழுதி, முறைப்பாட்டின் பிரதியைத் தந்தார். அதையும் இணைத்து, இந்தப் பதிவு இப்போது எவருடைய பெயரிலாவது நடைமுறையில் உள்ளதா என்று கேட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறோம். ஆம் என்று பதில் வந்தால், மாமாவை அழைத்துச் சென்று இடது பக்க ஸ்பிரிங் தாங்கியில் அந்தத் தடித்த தகடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இருந்தால், வைத்திருப்பவர் அறியாமல் வாங்கியவராகவே இருக்கக்கூடும் என்பதால், வழக்கென்று தொடங்காமல் முதலில் புத்தகத்தை அவர் முன் வைத்துப் பேசுவதென்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம்.