கட்டிக்குள் குடியேறும் மேக்ரோஃபேஜ்கள்

புற்றுநோய்க் கட்டி என்றதும் புற்றணுக்கள் மட்டுமே அடர்ந்த ஓர் உருண்டைதான் பெரும்பாலோரின் மனத்தில் தோன்றுகிறது. உண்மையில் அதற்குள் இரத்த நாளங்கள், இணைப்புத் திசு, பலவகை வெள்ளணுக்கள் என எல்லாம் உண்டு. சில கட்டிகளில் ஏறத்தாழ பாதி எடை வரை மேக்ரோஃபேஜ்களே நிறைந்திருக்கும். கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கிச் செரிக்கும் இந்தச் செல்கள் அத்தனை எண்ணிக்கையில் இருந்தும் கட்டி ஏன் கரைவதில்லை என்ற கேள்விதான் இத்துறையை நான் தொடர்ந்து வாசிப்பதற்குக் காரணம்.

1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் நட்சத்திரமீனின் இளவுயிரிக்குள் முள்ளைச் செருகி, நகரும் செல்கள் அதைச் சூழ்வதைக் கண்ட ரஷ்ய விலங்கியலாளர் மெட்ச்னிகாஃப், விழுங்கும் செல்கள் உடலைக் காக்கின்றன என்ற கருத்தை நிறுவினார். 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் காப்பது என்பது அழிப்பது மட்டுமன்று. காயம் பட்ட இடத்தில் அழற்சியைத் தணிப்பதும், புதிய நாளங்களை வரவழைப்பதும், திசுவைச் செப்பனிடுவதும் மேக்ரோஃபேஜின் வேலைகளே. கட்டி இந்த இரண்டாவது முகத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

புற்றணுக்கள் சிசிஎல்2, சிஎஸ்எஃப்-1 போன்ற புரதங்களைச் சுரந்து, இரத்தத்தில் உலவும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை உள்ளே இழுக்கின்றன. வந்தவை மேக்ரோஃபேஜ்களாக மாறி, ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் நாள வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் புரதத்தை வெளியிடுகின்றன. புற்றணுக்களைத் தாக்கக்கூடிய வெள்ளணுக்களான டி செல்களுக்குத் தேவையான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து அவற்றின் வேகத்தையும் மட்டுப்படுத்துகின்றன.

2001இல் வெளியான ஓர் எலி ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மார்பகப் புற்றுநோய் உண்டாகுமாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளில் சிஎஸ்எஃப்-1 இல்லாமல் செய்தபோது, கட்டி தோன்றுவதிலும் முதலில் வளர்வதிலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அது கடுமையான நிலைக்கு முற்றுவது தாமதமாயிற்று, நுரையீரலுக்குப் பரவுவதும் வெகுவாகக் குறைந்தது. மேக்ரோஃபேஜ் தரும் இஜிஎஃப் என்ற புரதம் புற்றணுவை நகரத் தூண்ட, புற்றணு தரும் சிஎஸ்எஃப்-1 மேக்ரோஃபேஜை ஈர்க்க, இரண்டும் சேர்ந்தே இரத்த நாளத்தை நோக்கி ஊர்கின்றன என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கட்டியின் அளவை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மருந்திலிருந்து தப்பிப் பிழைப்பதற்கும் இவை உதவக்கூடும். கணையப் புற்றுநோயில் மேக்ரோஃபேஜ்கள் வெளியிடும் டிஆக்சிசைட்டிடின் என்ற மூலக்கூறு, வடிவத்தில் தன்னை ஒத்த ஜெம்சிடபின் மருந்தோடு போட்டியிட்டு அதன் வீரியத்தைக் குறைக்கிறது.

எதிர்ப்புறமும் உண்டு. ரிட்டுக்சிமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்துகள் ஒட்டிய புற்றணுக்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. அதைத் தடுக்கப் பல புற்றணுக்கள் தம் மேற்பரப்பில் சிடி47 புரதத்தை மிகுதியாக ஏந்துகின்றன. சிடி47ஐ மறைக்கும் மருந்துகள் பெரும் நம்பிக்கையைத் தந்தன. ஆனால் சிவப்பணுக்களிலும் அதே புரதம் இருப்பதால் இரத்தசோகை வந்தது. அவற்றுள் ஒன்றான மாக்ரோலிமாப் மருந்தின் முக்கியமான சோதனை ஒன்று, பலனளிக்க வாய்ப்பில்லை என்பதால் 2023இல் நிறுத்தப்பட்டது. மேக்ரோஃபேஜ்களைத் தாக்கும் எம்1, செப்பனிடும் எம்2 என்று நல்லது கெட்டதாகப் பிரிக்கும் பழக்கத்தின் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரே கட்டிக்குள் இரண்டின் குணங்களையும் கலந்து காட்டும் செல்கள் ஏராளம்.

அப்படியானால் அவற்றை வரவிடாமல் தடுத்தால் போதாதா? மூட்டுகளில் வரும் டெனோசினோவியல் ஜயண்ட் செல் கட்டியில், சில செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும் சிஎஸ்எஃப்-1தான் மேக்ரோஃபேஜ்களைக் குவித்துக் கட்டியைப் பெருக்குகிறது. அதனால் அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் பெக்சிடார்டினிப் அங்கே பலனளித்து, 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிற திடக் கட்டிகளில் இவ்வகை மருந்துகள் தனியாக அந்த அளவு கைகொடுக்கவில்லை. மார்பகப் புற்றுநோய் எலிகளில் சிசிஎல்2ஐத் தடுத்துவிட்டுப் பின்னர் மருந்தை நிறுத்தியபோது, எலும்பு மஜ்ஜையில் தேங்கியிருந்த மோனோசைட்டுகள் ஒரேயடியாக வெளியேறி, நோய் முன்பைவிட வேகமாகப் பரவியது. உள்ளே வந்துவிட்ட மேக்ரோஃபேஜின் போக்கைத் திருப்பும் ஆய்வுகளை, அவற்றை முற்றாக ஒழிக்கும் முயற்சிகளைவிட நான் அதிக ஆர்வத்தோடு கவனிப்பதற்கு இந்த முடிவே காரணம்.