பி.எஸ்சி. மேத்ஸ் சேர்கிறவர்களுக்கு: நிரூபணத்தை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்

பிளஸ் டூவில் சென்டம் எடுத்தவர்கள்கூட பி.எஸ்சி. மேத்ஸ் மூன்றாம் வருடத்தில் ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி எல்லாவற்றையும் நிரூபணத்தோடு படிக்கும் பாடம்) வந்ததும் திணறுகிறார்கள். என் வகுப்பில் அதுதான் நடந்தது, எங்கள் சீனியர்களும் அதையேதான் சொன்னார்கள். திறமை இல்லாததால் அல்ல. பள்ளியில் நாம் பழகியது கணக்குப் போட்டு விடை கொண்டுவருவது. மேஜராக எடுத்த பிறகு செய்ய வேண்டியது, ஒரு கூற்று ஏன் உண்மை என்று காட்டுவது. இது வேறு வேலை என்று யாரும் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்வதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் வருடம் இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், முப்பரிமாண வடிவியல் என்று போகும். பார்க்க பிளஸ் டூவின் தொடர்ச்சி மாதிரியே இருக்கும். ஃபார்முலா, மாடல் கணக்கு, பழைய கொஸ்டின் பேப்பர் என்று பழைய பழக்கத்திலேயே நல்ல மார்க்கும் வந்துவிடும், அதனால் எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று தோன்றும். அப்புறம் ஐந்தாவது செமஸ்டர் வாக்கில் ரியல் அனாலிசிஸும், குலம் (group), வளையம் (ring) எல்லாம் அடங்கிய ஆல்ஜீப்ராவும் சேர்ந்தே வந்து நிற்கும். அப்போது பலர் செய்வது, தேற்றங்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்வது. செமஸ்டர் தேர்வில் திரும்பத் திரும்ப வரும் தேற்றங்கள் உண்டு என்பதால் பாஸும் ஆகிவிடலாம். ஆனால் டிகிரி முடித்துவிட்டு எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுத உட்காரும்போது அந்த மனப்பாடம் எதற்கும் உதவாது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் செமஸ்டரிலேயே, பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, வாரத்துக்கு ஒரு நிரூபணத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

√2 விகிதமுறா எண் என்ற நிரூபணத்தையே எடுத்துக்கொள்வோம். அதைப் பொதுக் காரணி இல்லாத ஒரு பின்னமாக எழுதினால், தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்கு. எனவே தொகுதியின் வர்க்கம் இரட்டை, தொகுதியும் இரட்டை, பிறகு பகுதியும் இரட்டை என்று வந்து முரண்பாட்டில் முடியும். இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். இப்போது 2 இருந்த இடத்தில் எல்லாம் 4 போட்டு, 'இரட்டை' என்பதை '4ஆல் வகுபடும்' என்று மாற்றி அதே நிரூபணத்தை எழுதுங்கள். √4 என்பது 2, விகிதமுறு எண், ஆகவே எங்கேயோ ஒரு வரி உடைந்தே ஆக வேண்டும். எந்த வரி? "வர்க்கம் 4ஆல் வகுபட்டால் எண்ணும் 4ஆல் வகுபடும்" என்ற வரி. 2-இன் வர்க்கம் 4ஆல் வகுபடும், 2 வகுபடாது. அதாவது முதல் நிரூபணம் முழுக்க 2 ஒரு பகா எண் என்பதன் மேல்தான் நிற்கிறது, நாம் அதைக் கவனிக்காமலே எழுதிக்கொண்டிருந்தோம். அடுத்து √6, √12 இரண்டையும் போட்டுப் பாருங்கள். √12 விகிதமுறா எண்தான், ஆனால் அதே வரி அங்கேயும் உடையும் (6-இன் வர்க்கமான 36, 12ஆல் வகுபடும், 6 வகுபடாது), வேறு வழி தேட வேண்டியிருக்கும். இந்தத் தேடலில் ஒரு மாலை போனால் போகட்டும். இருபது தேற்றத்தை எழுதிப் பார்ப்பதைவிட இதில் கிடைப்பது அதிகம்.

வரையறைகளையும் இப்படித்தான் சீண்டிப் பார்க்க வேண்டும். ரியல் அனாலிசிஸில் முதல் சுவர் எப்சிலான், அதாவது பூஜ்ஜியத்தைவிடப் பெரிய, எவ்வளவு சின்னதாகவும் இருக்கக்கூடிய ஓர் எண். ஒரு தொடர்வரிசை ஒரு எல்லையை நோக்கிக் குவிகிறது என்றால், எவ்வளவு சின்ன எப்சிலான் கொடுத்தாலும் அதற்கேற்ற ஓர் இடம் இருக்கும், அந்த இடத்துக்கு அப்புறம் வரும் உறுப்புகள் எல்லாமே எல்லையிலிருந்து எப்சிலானைவிடக் குறைந்த தூரத்தில் இருக்கும். சரி, இதில் இரண்டு துண்டுகளை இடம் மாற்றுங்கள்: ஒரே ஓர் இடம் இருக்கிறது, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும். படிக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் வரிசை இப்போது 0-வுக்குக் குவியாது. நூறாவது உறுப்புக்கு அப்புறம் என்று நீங்கள் சொன்னால் நான் எப்சிலானை 1/1000 என்று வைப்பேன், 1/101 வெளியே நிற்கும். மாற்றி எழுதிய வரையறைப்படி குவிய வேண்டுமென்றால், ஓர் இடத்துக்குப் பிறகு எல்லா உறுப்பும் அந்த எல்லையாகவே இருக்க வேண்டும். இதைத் தாளில் ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்கு, 'ஒவ்வொன்றுக்கும்' எங்கே வருகிறது, 'ஏதோ ஒன்று' எங்கே வருகிறது என்ற கவனம் அப்புறம் போகவே போகாது. சீரான தொடர்ச்சி (uniform continuity) வரும்போதும் சிக்கல் இதே இடத்தில்தான்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கிலீஷை நினைத்துத் தயங்குகிறீர்கள், தெரியும். பக்கத்தில் இருக்கும் நண்பருக்குத் தமிழிலேயே வாய்விட்டு விளக்குங்கள். விளக்க முடிந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது, எழுதும் வாக்கியங்கள் ஒரு செமஸ்டரில் பழகிவிடும்.

சென்னையில் படிப்பது பெரிய வசதி, அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் இன்ஸ்டிடியூட், தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சிஎம்ஐ (சென்னை கணித நிறுவனம்). தரமணிக்காரர்கள் மியூசிக் அகாடமியில் 'சயன்ஸ் அட் த சபா' என்று பொதுமக்களுக்கான உரைகள் நடத்துகிறார்கள், அவசியம் போங்கள். உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. சிலபஸுக்கு வெளியே படிப்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. நுங்கம்பாக்கம் லயோலாவில் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தன் மாணவர்களைப் புதிய கணிதத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அவரிடம் படித்த எம்.எஸ்.நரசிம்மனும் சி.எஸ்.சேஷாத்ரியும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. சிஎம்ஐயை உருவாக்கியவர் அதே சேஷாத்ரிதான்.

சார்பு பாடம் (allied) தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் புள்ளியியல் எடுங்கள், கூடவே பைதான் கற்றுக்கொள்ளுங்கள். வேலை என்று தேடும்போது இந்த இரண்டும்தான் முதலில் கைகொடுக்கும். இயற்பியலோ பொருளாதாரமோ மேஜராக எடுத்து, கணிதத்தைச் சார்பாகப் படிப்பவர்களுக்கு எப்சிலானோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை குறைவு, அணிகளையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் அழுத்தமாகப் படித்தால் போதும். பள்ளி ஆசிரியர் வேலைதான் குறி என்றால் பி.எட். இல்லாமல் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) பக்கம் போக முடியாது, அந்த வருடங்களையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

எம்.எஸ்சி.க்கு ஐஐடி போக நினைப்பவர்கள் எழுத வேண்டியது ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு. பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரிலேயே திறந்துவிடும், அதாவது ஐந்தாவது செமஸ்டரிலேயே முடிவு எடுத்தாக வேண்டும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் பகுதியில் மட்டும் நெகட்டிவ் மார்க் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய 10 கேள்விகள் நடுவில் வரும், அங்கே பாதி சரி என்பதற்கு மார்க்கே கிடையாது. சரியான விடைகள் அத்தனையையும் குறித்தால்தான் 2 மார்க். நான்கு கூற்றுகளில் எது உண்மை, எதற்கு எதிர் உதாரணம் இருக்கிறது என்று நிமிடக் கணக்கில் முடிவு செய்ய வேண்டும். √4 போட்டு உடைத்துப் பார்த்த பழக்கம் நேரடியாக மார்க் ஆவது இங்கேதான். பழைய தாள்களை நேரம் வைத்து எழுதுங்கள். தவறாகப் போன ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எதிர் உதாரணத்தைத் தனி நோட்டில் எழுதி வைத்தால், கடைசி மாதத்தில் திருப்பிப் பார்க்க அந்த நோட்டு ஒன்றே போதும்.