விடைத்தாளில் ஒரு கடவுள், ஜெபத்தில் ஒரு கடவுள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் 26 ஆண்டுகள் கிறிஸ்தவ சமய பாடம் கற்பித்தேன். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கம் என்று தனிப் பாடம் உண்டு. ஆகவே என்னிடம் வந்தவர்கள் தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் குடும்பங்களின் பிள்ளைகளும், புதிய சபைகளுக்குப் போகும் ஒன்றிரண்டு பேரும்தான். ஒரு வகுப்பில் ஆறு பேர் இருந்தாலே அதிகம். சைவ சமய பாடத்துக்கு வகுப்பறையை விட்டுக்கொடுத்துவிட்டு, நாங்கள் பின்புற விறாந்தையில் இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு அமர்ந்து படிப்போம்.

கடவுளின் இயல்புகள் என்ற பகுதி பிள்ளைகளுக்கு இலகுவானது. எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர், மாறாதவர், பரிசுத்தர், அன்பானவர் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேத வசனத்தைச் சேர்த்துவிட்டால் முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். அந்தப் பகுதியில் புள்ளி குறைந்த பிள்ளையை நான் கண்டது அரிது. பல ஆண்டுகளாக அது எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

2011ஆம் ஆண்டு, தரம் 9 பிள்ளைகளிடம், ஆலயத்தில் கேட்ட சொற்களை விட்டுவிட்டு, சொந்தச் சொற்களில் ஒரு ஜெபத்தைக் கொப்பியில் எழுதிவரச் சொன்னேன். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பின்னேரம் முழுவதும் வாசித்தேன். அன்பானவர் என்ற இயல்புக்கு அழகான விளக்கம் எழுதியிருந்த மாணவனின் ஜெபம், அதிபருக்கு எழுதும் விடுமுறைக் கடிதத்தின் அமைப்பிலேயே இருந்தது. குற்றங்களை வரிசையாக ஒப்புக்கொண்டு, இனிமேல் செய்யமாட்டேன் என்று உறுதி கூறி, அதன் பிறகுதான் தன் அம்மம்மாவின் வருத்தம் சுகமாக வேண்டும் என்று கேட்டிருந்தான். எங்கும் நிறைந்தவர் என்று எழுதிய இன்னொரு பிள்ளை, 'நீர் தூரத்தில் இருந்தாலும் கேளும்' என்று தொடங்கியிருந்தாள். பொய் எழுத அவர்களுக்குத் தெரியாது. விடைத்தாளில் இருந்த கடவுளை அவர்கள் என்னிடம் பெற்றுக்கொண்டார்கள். ஜெபத்தில் இருந்த கடவுளை வீட்டில், ஆலயத்தில், அடி வாங்கிய இடங்களில், பயந்த இரவுகளில் பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடவுளைப் பற்றி உண்மையாக என்ன நம்புகிறார் என்பதை அறிய விரும்பினால், அவருடைய விசுவாசப் பிரமாணத்தைவிட அவருடைய தனி ஜெபத்தின் முதல் வாக்கியத்தைக் கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

என்னுடைய முதல் வாக்கியமும் அந்த மாணவனுடையதைப் போன்றதுதான். என் தகப்பனார் கண்டிப்பான மனிதர். மாலை ஜெபத்தில் நாங்கள் முழங்காலில் நின்று அன்றைய பிழைகளைச் சொல்லி முடிக்கும் வரை வேறெதுவும் கேட்க முடியாது. கடவுள் பரிசுத்தர் என்பதை அவர் எங்களுக்கு ஊட்டிய விதம் அது. அதற்காக நான் அவரைக் குறைகூறவில்லை. ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பின்னரும் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தால், அதைக் கடவுளிடம் கேட்பதற்கு முன், கேட்கிறேனே என்று மன்னிப்புக் கேட்பதே வழக்கமாக இருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை ஜெபம் எழுதவில்லை. வன்னியிலிருந்து முகாமுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்கத்துக்கு வந்த குடும்பம். 2009இல் போரின் முடிவில் தகப்பன் காணாமற்போனவர். ஏன் எழுதவில்லை என்று மற்றவர்கள் போன பிறகு கேட்டேன். அவள் வாங்கின் விளிம்பை நகத்தால் சுரண்டியபடி கேட்டாள்: "ரீச்சர், கடவுளுக்கு எல்லாம் தெரியும் எண்டால், அப்பா எங்க எண்டும் தெரியும்தானே? பிறகு ஏன் அம்மாவுக்குச் சொல்லேல்லை?"

அப்போது நான் சொன்ன பதிலை எண்ணி இன்றும் வருந்துகிறேன். கடவுளுடைய வழிகள் நம்முடைய வழிகளைவிட உயர்ந்தவை என்றேன். அது வேதத்தில் உள்ள வார்த்தைதான், உண்மையும்தான். ஆனால் அந்த விறாந்தையில் அது ஒரு கதவை அடைத்த சத்தமாகவே விழுந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு, கொப்பியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் அறிந்தவர் என்பது எனக்கு ஆறுதலான ஓர் இயல்பு. அவளுக்கோ அது, தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் ஒருவரின் இயல்பு. அப்படிப்பட்டவரிடம் ஒரு பிள்ளை எப்படிப் பேசும்?

அதற்குப் பிறகு பல வாரங்கள் நான் வாசித்துக்கொண்டிருந்தது யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரத்தை. இறந்துபோன தம் நண்பன் லாசருவை எழுப்பப் போகிறேன் என்று பெத்தானியாவுக்குப் புறப்படுவதற்கு முன்பே இயேசு சீஷர்களிடம் சொல்லிவிடுகிறார். நடக்கப்போவது அவருக்குத் தெரியும். இருந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டபோது அவரும் கண்ணீர் விடுகிறார். இந்தப் பகுதியை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அறிவும் கண்ணீரும் அங்கே ஒருவரிடத்தில் ஒன்றாக இருப்பதை அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் கண்டேன். 325ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரனாகிய இயேசு பிதாவாகிய கடவுளோடு ஒரே தன்மையுடையவர் என்று வகுத்ததை நான் வரலாற்றுச் செய்தியாகவே சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆரியுஸ் என்ற அக்காலத்துக் குரு குமாரனைப் படைக்கப்பட்டவராகக் கருதினார், மன்றம் அதை மறுத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல் ஜெபிக்கிறவனுக்கு எவ்வளவு பெரியது! கல்லறையின் அருகே அழுதவர் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்றால், அந்தக் கண்ணீருக்குப் பின்னால் கண்ணீரில்லாத வேறொரு கடவுள் ஒளிந்திருக்கவில்லை. நான் முழங்காலில் நின்று பேசுவது அழுதவரோடுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்முடைய ஜெபமொழியில் கடவுளின் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. பழைய கத்தோலிக்கர் சருவேசுரன் என்றார்கள். ஜெர்மானிய மிஷனரி பப்ரீசியுஸ் தமது வேதாகம மொழிபெயர்ப்பில் பராபரன் என்றார். பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் ஆயத்தப்படுத்தி 1850இல் வெளிவந்த வேதாகமம் தேவன் என்றது. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் கடவுள் என்கிறது. எட்டாத உயரத்தில் உள்ள பரம்பொருளைச் சுட்டும் பராபரன் என்ற சொல்லோடு முழங்காலில் நிற்பதும், கடவுள் என்ற அன்றாடச் சொல்லோடு நிற்பதும் ஒன்றல்ல. ஆயினும் இத்தனை மாற்றத்திலும் நாம் அவரை 'நீர்' என்று அழைப்பது மட்டும் மாறவில்லை. பக்கத்து வகுப்பில் சைவப் பிள்ளைகள் முருகனை 'நீ' என்று உரிமையோடு அழைத்துப் பாடுவதைக் கேட்டு, எங்கள் 'நீர்' விலகி நிற்கும் மரியாதைச் சொல் என்று நான் முன்பு எண்ணியதுண்டு. தமிழகத்து நண்பர்களுக்கு அது வேதப் புத்தகத்துச் சொல்லாகவே ஒலிக்கிறது. யாழ்ப்பாணத்தில் அப்படியல்ல. 'நீர் சாப்பிட்டனீரோ' என்று கணவன் மனைவியைக் கேட்கிறான். கூடப் படித்தவர்கள் ஒருவரையொருவர் 'இஞ்ச வாரும்' என்கிறார்கள். மூத்தவர்கள் மதிப்புள்ள இளையவரை அப்படி அழைக்கிறார்கள். நெருக்கமும் மதிப்பும் ஒன்றாக இருக்கும் அந்தச் சொல் எங்கள் அடுக்களையிலும் புழங்குகிறது, ஆலயத்திலும் புழங்குகிறது. இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள். தங்கள் அம்மாவை அப்பா அழைக்கும் சொல்லால்தான் தாங்கள் கடவுளை அழைக்கிறோம் என்பதை அவர்களும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அதன் பின் பாடத்தின் ஒழுங்கை மாற்றினேன். இயல்புகளின் பட்டியலுக்கு முன், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கும், வேதாகமத்தின் 22ஆம் சங்கீதத்தை வாசித்தோம். கேள்வி கேட்பதும் ஜெபம்தான் என்று சொன்னேன். விசுவாசம் குறைந்ததனால்தான் இழப்பு வந்தது என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்த மண்ணில் பல தாய்மாருக்குச் செய்திருக்கும் காயம் பெரியது. சிலுவையில் இயேசுவே அந்தச் சங்கீதத்தின் சொற்களைச் சொன்னார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் தவணையில் அந்தப் பிள்ளை கொப்பியைத் தந்தாள். தலைப்பில்லை, 'ஆமென்' என்ற முடிவும் இல்லை. பேச்சு மொழியிலேயே எழுதியிருந்தாள்: 'நீர் அழுதனீர் எண்டு ரீச்சர் சொன்னவ. அப்பா எங்க எண்டு எனக்குச் சொல்லாட்டில், அவருக்குப் பக்கத்தில இரும்.'

எங்கும் நிறைந்தவர் என்பதற்கு நான் கொடுத்த எந்த விளக்கமும் இதற்கு அருகில் வராது. அவளுக்கு ஆறுதல் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவளுடைய தாய்க்கு இன்னும் ஒரு செய்தியும் வரவில்லை. அவள் கேட்ட கேள்வியை இப்போது என் மாலை ஜெபத்தில் நானும் கேட்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதற்கு முன் மன்னிப்புக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.