தார்சாவில் ஒரு லேப்

கல்லிடைக்குறிச்சியில் இருந்து சித்தி மகன் வந்திருந்தான், ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) இரண்டாம் வருடம். பேச்சுவாக்கில் "லேப்ல ஆறு பேருக்கு ஒரு டேபிள்ணே, ஒருத்தன் கனெக்ஷன் கொடுப்பான், மீதிப் பேரு ரீடிங்கை எழுதிக்கிடுவோம்" என்றான். நான் படித்த காலத்திலும் இதே கதைதான்.

சரி என்று மறுநாள் ஜங்ஷன் பக்கம் போய் பிரெட்போர்டு (பற்றவைக்காமல் உதிரிகளைச் செருகும் பலகை), 555 டைமர் ஐசி (எல்இடியை விட்டுவிட்டு மினுக்க வைக்கும் சிப்), ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், எல்இடி, 9 வோல்ட் பேட்டரி எல்லாம் வாங்கி வந்தோம். மல்டிமீட்டர் என்னிடமே இருந்தது. ஆச்சி வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், பாயை விரித்து உட்கார்ந்தாயிற்று. பேட்டரியின் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்து முதல் ஐசியைக் காலி செய்தான், தொட்டுப் பார்த்தவன் விரலை உதறினான். இனிமேல் ஆயுசுக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டான். (பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு பிளக்கில் இருந்து 230 வோல்ட்டை எடுத்து விளையாடுவது லேப் இல்லை, மோட்டார் சமாச்சாரமெல்லாம் கல்லூரியில்தான்.)

இரண்டாவது ஐசியில் எல்இடி மினுக்கியது. "சாமி படத்துக்குப் போடுற சீரியல் பல்பு மாதிரில்லா இருக்கு" என்றார் ஆச்சி. ரெசிஸ்டர்கள் 10 கிலோ ஓம் (ஆர்1), 68 கிலோ ஓம் (ஆர்2), கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட் (சி) போட்டிருந்தோம். 0.693 × (ஆர்1 + 2 ஆர்2) × சி என்ற சூத்திரப்படி ஒரு மினுக்கலுக்கு 1.01 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 59. செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினால் 52தான் வருகிறது. மறுபடி எண்ணினோம், அதே 52.

எனக்குப் பிடித்ததே இதற்கு அப்புறம் நடந்ததுதான். ஒரு மணி நேரம் குற்றவாளியைத் தேடினான். 68 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தால் 67.4, அது யோக்கியன். கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு அதே அளவில் இன்னொன்றை மாட்டினான், 57 வந்தது. நாங்கள் போட்ட எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டரில் 10 என்று போட்டிருந்தாலும் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது, அவனும் பரீட்சைக்குப் படித்திருக்கிறான். கம்ப்யூட்டர் சிமுலேஷனில், நாமாக மாற்றாதவரை, 10 என்றால் 10தான்.

ராத்திரி ரெக்கார்டு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான், "அண்ணே, 52ன்னே எழுதட்டுமா, சார் திருப்பிக் கொடுத்துட்டா?"

சட்டென்று பதில் வரவில்லை. நான் அந்தக் காலத்தில் 59 என்றுதான் எழுதினேன், எண்ணிப் பார்க்காமலே.