வண்டியே வீடாகும்போது: வில்லி நெல்சனின் ஒரு பயணப் பாட்டு

ஜூன் 3

அமெரிக்கக் கண்ட்ரி இசையில் பயணம் என்றதும் பிரிவுத்துயர்தான் முதலில் வந்து நிற்கும். ரயில்வேத் தொழிலாளியாக இருந்து பாடகராகி, காசநோயால் 1933இல் மறைந்த ஜிம்மி ரோட்ஜர்ஸின் காலந்தொட்டே, ஊரைவிட்டுப் போகிறவனின் தனிமை அந்த இசையில் ஒலித்துவந்திருக்கிறது. 1980இல் வெளிவந்த, கண்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் ‘ஆன் தி ரோட் அகெய்ன்’ (மீண்டும் பயணத்தில்) பாடலிலும் ஏக்கம் உண்டு. ஆனால் அது வீடு திரும்பும் ஏக்கமன்று, மீண்டும் கிளம்பும் ஏக்கம். மாலை முழுவதும் அதையே கேட்டேன்.

ஜூன் 4

இன்று தாளத்தை மட்டும் கவனித்தேன். ஸ்நேர் டிரம் என்னும் சிறு முரசில் சிறு தட்டுகள் இடைவிடாமல் ஓடுகின்றன. தண்டவாளத்தில் விரையும் ரயிலின் ஓசையை ஒத்திருப்பதால் இசைக்காரர்கள் இதை ‘ட்ரெய்ன் பீட்’ என்கிறார்கள். நெல்சனின் குரலோ அந்த ஓட்டத்தோடு ஓடுவதேயில்லை. சொற்களைத் தாளத்துக்குச் சற்று முன்னோ பின்னோ வைத்து, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். வண்டி விரைகிறது, உள்ளே இருப்பவருக்கு அவசரமில்லை. பாட்டின் மனநிலை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன். அவர் குழுவின் மிக்கி ராஃபேல் வாயால் ஊதி வாசிக்கும் ஹார்மோனிகா வரும்போதும் அழுகைச் சாயல் துளியும் இல்லை.

ஜூன் 7

கிட்டாரின் ஒலி தனியாகப் பிரிந்து கேட்கிறது. கண்ட்ரி இசையில் பெரும்பாலும் உலோகக் கம்பிகளே ஒலிக்கும்; நெல்சன் வைத்திருப்பதோ நைலான் கம்பிகள் கொண்ட மார்ட்டின் என்-20 வகைக் கிட்டார். 1969இல் வாங்கிய அதற்கு, நடிகர் ராய் ரோஜர்ஸின் குதிரைப் பெயரான ‘ட்ரிகர்’ என்பதையே சூட்டினார். விரலால் மீட்டுவதற்கென்று செய்த கருவியாதலால் பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) உரசுவதைத் தாங்கும் காப்புத் தகடு அதில் இல்லை. பல்லாண்டுகளாகப் பிக்கால் வாசித்ததில் மேற்பலகை தேய்ந்து, ஒலித்துளைக்கருகே இன்னொரு துளையே விழுந்துவிட்டது. அவர் அதை மாற்றவில்லை.

ஜூன் 8

‘ஹனிசக்கிள் ரோஸ்’ திரைப்படத்துக்காக விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோதே இதன் வரிகளை எழுதினாராம். நண்பர்களோடு சேர்ந்து இசைப்பதைத் தவிர அவ்வரிகள் வேறெதையும் பெரிதாகக் கேட்கவில்லை. அவருடைய குழுவின் பெயர் ‘ஃபேமிலி’. அன்று பியானோவில் அக்காள் பாபி, டிரம்ஸில் நெடுநாள் நண்பர் பால் இங்கிலீஷ். உற்றார் எல்லாரும் ஒரே பேருந்தில் ஏறிவிட்டபின், பிரிவுத்துயரைப் பாட அவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?