எத்தனை யூனிட் ஏற்றும்?

2024 டிசம்பர் 22, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததை மாமனார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ரேஸ் சைக்கிளா?"

"இல்ல மாமா, கிராவல் பைக்."

"கிராவலா? எத்தனை யூனிட் ஏத்தும்?"

முப்பத்தைந்து வருஷம் ரோடு வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். கிராவல் என்றால் அவருக்கு லாரியில் வந்து இறங்கும் செம்மண் சரளை. யூனிட் என்பது நூறு கன அடி. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு என்று இன்றுதான் கேள்விப்படுகிறார். நானும் பொறுமையாகச் சொன்னேன். ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் தடிமன், டிஸ்க் பிரேக், மேடு ஏற லேசான கியர், எல்லாம் தார் இல்லாத பாதைக்காக. அமெரிக்காவில் கான்சஸ் பக்கம் 2006-லிருந்து இதற்கென்றே 200 மைல் பந்தயம் நடக்கிறது, வழியெல்லாம் சிக்கிமுக்கிக் கல், டயரைக் கிழித்துவிடுமாம் என்றேன்.

"நாங்க சம்பளம் வாங்கிட்டுத் தார் போட்டோம். நீ தார் இல்லாத ரோட்டைத் தேடிப் போறதுக்குக் காசு குடுத்து வண்டி வாங்கியிருக்க."

அப்புறம் குனிந்து டயரில் எழுதியிருந்ததைப் படித்தார். 700 × 40. "நாப்பது எம்எம்மா! நம்ம ஜல்லி சைசு" என்றார். அதற்குப் பிறகு வண்டி மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

டிசம்பர் 29, ஞாயிறு

நாலரைக்கு அம்பத்தூரில் கிளம்பினேன். திருவள்ளூர் வரை சி.டி.எச். ரோடு, லாரி, தூசி. எழுத ஒன்றுமில்லை.

சென்னைக்காரர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். பூண்டி நெருங்கும்போதுதான் தரை மெல்ல ஏறி இறங்குவது காலுக்குத் தெரிந்தது. மார்கழி என்பதால் ஊருக்கு ஊர் தெருவை அடைத்துக் கோலம். ஒரு பாட்டி துடைப்பத்தை நீட்டியே எனக்கு வழி காட்டினார்: "கோலத்த மிதிக்காம ஓரமா போம்மா." ஓரத்தில் சாக்கடை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

பூண்டி ஊன்றீசுவரர் கோயில் வாசலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். கண்ணிழந்து வந்த சுந்தரருக்குச் சிவன் ஊன்றுகோல் கொடுத்த தலம். கண்ணைக் கேட்டவருக்குக் கோலைக் கொடுத்தார் என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய கோயில் இருந்த திருவெண்பாக்கம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால் இங்கே பெயர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அணை 1944-இல் முடிந்தது.

அங்கிருந்து கிருஷ்ணா கால்வாயை ஒட்டிய மண் பாதை. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 177 கிலோமீட்டர் ஓடி வருகிற தண்ணீர், அதில் நம் பக்கம் 25 கிலோமீட்டர்தான். முதன்முதலில் 1996-இல் வந்தது. வீட்டில் பக்கெட்டில் பிடிக்கிற தண்ணீரோடு போட்டி போட்டு ஓட்டுவது நன்றாகத்தான் இருந்தது, பாதை உலுக்காமல் இருந்திருந்தால். பல் கிட்டித்தது. உள்ளங்கை மரத்துவிட்டது. கடைசியில் பார்த்தால், கடையில் டயருக்கு 60 அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஓரமாக நிறுத்தி வால்வை அழுத்தி 35 வரை இறக்கினேன். அவ்வளவுதான், அதே பாதை பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. காற்றைக் குறைத்தால் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகிறது, கூட இருந்தால் ஒவ்வொரு கல்லும் தோளுக்கு வருகிறது.

2025 ஜனவரி 5, ஞாயிறு

முள்.

ஏரிக்கரை ஒன்றில் சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பார்க்காமல் விட்டுவிட்டேன். என் டயரில் ட்யூப் கிடையாது. உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கும், முள் குத்தினால் அது கசிந்து இறுகி ஓட்டையை அடைக்கும். அடைக்க வேண்டும். சென்னை வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று விற்றவர்கள் சொல்லவில்லை. கடையில் எத்தனை மாதம் நின்ற வண்டியோ. டயரைப் பிரித்தபோது பாலும் இல்லை, மோரும் இல்லை. உரித்தெடுத்த ஆடை மாதிரி ஒரு தோல்தான் இருந்தது.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. அண்ணன் டயரைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். "ட்யூப்லெஸ்ஸா? பைக்குக்குப் போடுற திரி வச்சிருக்கேன், ஆனா இதுக்கு அது விரலு தடிமன் இருக்கும். ட்யூப் இருக்கா?" இருந்தது. வாங்கியவர் உடனே மாட்டிவிடவில்லை. டயருக்குள் நாலு விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்று தடவினார். நிறுத்தினார். வெளிப்பக்கம் கட்டிங் பிளேயரால் கவ்வி இழுத்தார். அரை அங்குல முள். மறுபடி தடவினார். இப்படிப் பதினொன்று. எல்லாவற்றையும் ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு என் கையில் கொடுத்தார். "இத எடுக்காம ட்யூப் போட்டிருந்தா, முக்கு திரும்புறதுக்குள்ள உக்காந்திருக்கும்."

அவர் கம்ப்ரசர் என் ஒல்லி வால்வுக்குப் பொருந்தவில்லை. கைப்பம்பில் 200 குத்து. காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் சண்டை போட்டு 50 ரூபாய் கொடுத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. வெளியே புகை, மூச்சு முட்டுகிறது. வண்டி எடுக்கவில்லை.

வீட்டில் படித்தது: 1863 மே 30 அன்று நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததே அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. எங்கே எடுத்தார் என்று பார்த்தால், ஒரு கிராவல் குழியில்! மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "கிராவல் தோண்டுனா எல்லாம் வரும்" என்றார், பழைய பாயைக் கட்டிக்கொண்டே. அடுத்த ஞாயிறு எங்கே என்பது முடிவாகிவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

குடியம். பூண்டிக்கு அப்பால் காட்டுக்குள், கற்கருவிகள் கிடைத்த குகை இருக்கிற இடம். தம்பி முன்கூட்டியே வனத்துறையில் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருந்தான். இரண்டு வண்டிகளையும் அவன் காரில் திணித்துப் பூண்டி வரை போய், அங்கிருந்து ஓட்டினோம்.

பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வயது என்று தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் கணித்தார்கள். தம்பி அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, அப்ப இங்க நாமதான் லேட்டு" என்றான்.

குடியம் ஊரைத் தாண்டியதும் காடு. காடு என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான். களா, காரை, சூரை எல்லாம் பின்னிப் பிணைந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. மழை குறைந்த கடலோரத்து மேட்டில் இலையை உதிர்க்காமல் தாக்குப்பிடிக்கிற புதர்க்காடு இது. வளர அவசரப்படாது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிற காடு. செம்போத்து எங்கோ அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டே வந்தது.

பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுக்க உருண்டைக் கற்கள், எலுமிச்சை முதல் தேங்காய் வரை எல்லா அளவிலும். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய மாதிரி. முன் டயர் ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம். பிடியைத் தளர்த்தி, பின்னால் உட்கார்ந்து, லேசான கியரில் மிதித்துக்கொண்டே இருந்தால் வண்டி தானாக வழி தேடிக்கொள்கிறது என்று ஒரு கிலோமீட்டருக்குப் பிறகு புரிந்தது. புரிந்த கர்வத்தில் இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். முழங்கையில் தோல் போயிற்று. தம்பி முதலில் வண்டியைத்தான் தூக்கினான்.

கடைசிப் பகுதியில் வண்டிகளைப் பூட்டிவிட்டு நடந்தோம். குகை என்கிறார்கள், உண்மையில் பாறை முன்னால் நீண்டு நிற்கிற ஒரு பெரிய தாழ்வாரம். 1960-களில் இங்கே தொல்லியல் துறை தோண்டிக் கற்கருவிகள் எடுத்திருக்கிறது. மேலே பெரிய தேனடைகள் தொங்கின, அதனால் பேச்சே ரகசியக் குரலில்தான். அந்தப் பாறையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கடலை மிட்டாய். வெல்லப்பாகில் கடலை பதிந்த மாதிரி, சிவந்த மண்பாறைக்குள் கூழாங்கற்கள். இவை கழன்று விழுந்துதான் பாதையெல்லாம் கிடக்கின்றன. என்னைக் கீழே தள்ளிய அதே ஜாதிக் கல்லை உடைத்துத்தான் அந்தக் காலத்து ஆட்கள் கோடரி செய்திருக்கிறார்கள்.

எதையும் எடுக்கக்கூடாது என்று தெரியும். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஜனவரி 20, திங்கள்

மாமா முழங்கைக் கட்டைப் பார்த்தார், போனில் பாதையைப் பெரிசாக்கிப் பார்த்தார். "விழாம என்ன செய்யும்? இது உருண்ட கல்லும்மா. ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்காது. அதான் ஜல்லிய உடைச்சுப் போடுறது. மூலை இருந்தாத்தான் கல்லு கல்லப் பிடிக்கும். அதுக்கு மேல கிராவல் தூவி, தண்ணி ஊத்தி, ரோலர் விட்டா அசையாது."

அப்புறம் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார். பின் டயர்ப் பட்டைகளுக்கு நடுவில் சுண்டைக்காய் அளவு ஒரு கல் சிக்கியிருந்தது. நான் கவனிக்கவே இல்லை. நெம்பி எடுத்து, வேட்டியில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் உடைந்திருந்தது. ஜன்னல் திட்டில் வைத்தார்.

"சரி, ஒரு கல்லு வந்திருக்கு. இன்னும் எத்தனை நடை அடிச்சா ஒரு யூனிட் ஆகும்னு கணக்குப் போடு."